எதிரொலியை வேலைக்கு வைத்தவர்

பொள்ளாச்சியில் பிறந்து, கொச்சியில் போர்க்கப்பலுக்குக் காது பொருத்தி, கலிஃபோர்னியாவில் காப்புரிமை வாங்கியவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். அவருடைய கண்டுபிடிப்பு இன்று ஏறக்குறைய எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதன் உரிமைப் பத்திரம் மட்டும் ஏன் இந்தியாவில் எழுதப்படவில்லை?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் பஸ் கோபாலபுரத்தில் மாநில எல்லையைக் கடக்கிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். தென்னந்தோப்பும் கணவாய்க் காற்றும் மாறுவதில்லை. மாறுவது டவர். இந்தப் பக்கம் 'டவர் கிடைக்கலை' என்பார்கள். அந்தப் பக்கம் 'ரேஞ்ச் இல்லா' என்பார்கள். குறை ஒன்றுதான்.

ஒரு காலத்தில் எல்லையோரத் தோப்பில் நின்றவரின் செல்போன் தானாகவே அடுத்த மாநில டவருக்குத் தாவி, ரோமிங் கட்டணத்தை விழுங்கிவிடும். ஆள் அசையவில்லை, ஃபோன் மட்டும் வெளிமாநிலம் போய்விட்டதாகக் கணக்கு. அந்தத் தொல்லை ஒழிந்தது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிகளில் லாரிகள் காத்துக் கிடந்ததும் ஒழிந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாவடி ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பெயர் பேட்டன்ட், அதாவது காப்புரிமை. உலகில் எங்கே செல்போன் செய்தாலும், அதற்குள் இருக்கும் நுட்பங்களுக்கு உரிமையாளர்களிடம் அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதிக்குக் காசு கட்ட வேண்டும். அப்படிப்பட்ட காப்புரிமைகளில் ஒன்று அமெரிக்க எண் 5,345,599. 1992 பிப்ரவரியில் விண்ணப்பிக்கப்பட்டது. 1994 செப்டம்பரில் வழங்கப்பட்டது. அதில் கண்டுபிடிப்பாளர்கள் என்று இரண்டு பெயர்கள். ஒருவர் 1944ல் பொள்ளாச்சியில் பிறந்த தமிழர் ஆரோக்கியசாமி பால்ராஜ். இன்னொருவர் 1935ல் புனேயில் ஒரு மலையாளிக் குடும்பத்தில் பிறந்த தாமஸ் கைலாத். எல்லையின் இரு பக்கத்து மொழியும் சேர்ந்து போட்ட கையெழுத்து என்று சொல்லலாம். ஆனால் உரிமையாளர் பெயர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்.

அந்தக் கண்டுபிடிப்புக்கு இன்று 'மைமோ' என்று பெயர். பல ஆன்டெனாக்கள் அனுப்பும், பல ஆன்டெனாக்கள் வாங்கும் முறை. 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர் பல்கலைக்கழகத்திலேயே வளர்ந்த பேராசிரியர் அல்ல. சுமார் 30 ஆண்டுகள் இந்தியக் கடற்படைச் சீருடையில் இருந்தவர்.

கடலில் படித்த பாடம்

ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்த பால்ராஜ், பதினைந்து வயதிலேயே தேசிய ராணுவ அகாடமி வழியாகக் கடற்படைக்குப் போனார். மின்பொறியியல் படித்தார். மேல்படிப்புக்காகக் கடற்படை அவரை டெல்லி ஐஐடிக்கு அனுப்பியது. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பேராசிரியர் பி.வி. இந்திரேசன். இந்த மாணவருக்கு முதுகலை போதாது, டாக்டர் பட்டத்துக்கே விட வேண்டும் என்று கடற்படையிடம் வாதாடியவர் அவர். சிக்னல்களில் கலந்துவிட்ட இரைச்சலிலிருந்து உண்மையான தகவலைக் கணக்குப் போட்டுப் பிரித்தெடுப்பது பால்ராஜின் ஆராய்ச்சி. அந்தத் துறையில் அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த கைலாத், டெல்லி ஐஐடியில் வந்து பேசியதை மாணவராகக் கேட்டவர் இவர். பிற்காலத்தில் இருவரும் ஒரே காப்புரிமையில் கையெழுத்திடுவார்கள் என்று அந்த வகுப்பில் யாரும் நினைத்திருக்க முடியாது.

1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே அரபிக் கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். போரில் வென்ற நாட்டுக்கு அந்த ஒரு இரவு ஆறாத காயம். எதிரி நீர்மூழ்கி பக்கத்தில் வந்தும் கப்பல் அதைக் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி.

கடலுக்கடியில் ஒளியும் ரேடியோவும் அதிக தூரம் போகாது. ஒலிதான் போகும். ஆகவே கப்பல் ஒரு 'பிங்' ஒலியை அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று கேட்கும். இதுதான் சோனார். குளிர்ந்த கடலுக்காக உருவான பிரிட்டிஷ் சோனார்கள் நம் வெப்பக் கடலில் திணறின. இங்கே மேல்தட்டுத் தண்ணீர் வெயிலில் சூடாகிவிடும். சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் சேரும் இடத்தில் ஒலி நேராகப் போகாமல் கீழ்நோக்கி வளைந்துவிடும். வளைவுக்கு அப்பால் நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளும். போதாததற்கு அலை, கடல்தரை, மீன்கூட்டம் என்று எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி வரும். நூறு பொய் எதிரொலிகளுக்கு நடுவே ஒரு உண்மை எதிரொலியைப் பிடிக்க வேண்டும்.

குக்ரி மூழ்கிய பின்பு அந்த வேலை பால்ராஜிடம் வந்தது. முதலில், கப்பல்களில் ஏற்கெனவே இருந்த பிரிட்டிஷ் 170 ரக சோனாரின் வாங்கும் பகுதியை மேம்படுத்தினார். அது கடற்படையில் பயன்பாட்டுக்கு வந்தது. பின்பு 1970களின் நடுவில் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் சில காலம். திரும்பியதும் பெரிய வேலை: கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடமான என்பிஓஎல்லில், அடியிலிருந்து முழுக்க இங்கேயே வடிவமைக்கும் சோனார். பெயர் 'அப்சோ'. 1977ல் தொடங்கி 1983 வரை நடந்த இந்தத் திட்டத்தில் உற்பத்தி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறுப்பு. ஐஎன்எஸ் ஹிம்கிரி கப்பலில் அது பொருத்தப்பட்டது. பின்னால் வந்த 'ஹம்சா' வகை சோனார்கள் அதன் வழித்தோன்றல்களே.

அப்சோவின் அடிப்படை எளிது. ஒரே ஒரு காதுக்குப் பதில் பல காதுகள். கப்பலின் அடியில் வரிசையாக ஒலிவாங்கிகள். ஒரே எதிரொலி ஒவ்வொன்றுக்கும் துளித்துளி நேர வித்தியாசத்தில் வந்து சேரும். அந்த வித்தியாசங்களைக் கணக்குப் போட்டால் ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நமக்கு இரண்டு காது இருப்பதால்தான் பின்னால் வரும் லாரி இடப்பக்கமா வலப்பக்கமா என்று திரும்பாமலே தெரிகிறது. அப்சோ அதையே நிறைய காதுகளோடும் கம்ப்யூட்டரோடும் செய்தது.

இந்த வெற்றிக்குப் பிறகு 1983 முதல் இரண்டு ஆண்டுகள் கைலாத்தின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்குழுவில் இருந்தார் பால்ராஜ். வரிசையாக வைத்த வாங்கிகளைக்கொண்டு பல சிக்னல்களின் திசையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் 'எஸ்பிரிட்' என்ற கணக்குமுறை அங்கே பிறந்தது. ரிச்சர்ட் ராய், கைலாத், பால்ராஜ் மூவர் பெயரிலும் 1988ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் பால்ராஜ் இந்தியா திரும்பிவிட்டார். செயற்கை நுண்ணறிவு, ரோபோ ஆராய்ச்சிக்காகப் பெங்களூரில் தொடங்கிய சிஏஐஆர் மையத்தின் முதல் இயக்குநரானார். பாரத் எலெக்ட்ரானிக்ஸின் மத்திய ஆராய்ச்சிக்கூடத்தையும் வழிநடத்தினார்.

1991ல் கமோடோர் பதவியில் இருந்தபோது விருப்ப ஓய்வு பெற்றார். வயது 47. மறுபடி ஸ்டான்ஃபோர்டு. கிடைத்தது பேராசிரியர் நாற்காலி அல்ல. ஆய்வுக்குழுவில் ஒரு 'ரிசர்ச் அசோசியேட்' வேலை. ஆய்வுக்கூடங்களின் தலைவராக இருந்தவர், மகன் வயது மாணவர்களோடு ஒரு மேஜையில் உட்கார்ந்தார்.

தேங்காய்க் கணக்கு

அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலை, வானில் பறந்தபடி தரையிலிருந்து வரும் ரேடியோ சிக்னல்களைப் பிரித்தறியும் ராணுவ ஆராய்ச்சி. ஒரே அலைவரிசையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களைத் தூரத்திலிருந்து பிரிக்க முடியாது என்பதுதான் பாடம். ஆனால் பரிசோதனையில் ஒரு விசித்திரம். சுற்றிலும் உள்ள பொருள்களில் பட்டு அலைகள் சிதறி வந்தபோது, பிரிக்க முடியாதவை என்று நினைத்த சிக்னல்கள் பிரிந்து வந்தன. தொல்லை என்று எல்லாரும் ஒதுக்கிய எதிரொலிதான் பிரித்துக் கொடுத்தது.

எதிரொலி எப்படிப்பட்ட தொல்லை என்பது தூர்தர்ஷன் காலத்தவர்களுக்குத் தெரியும். மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தாலும் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இன்னொரு மங்கலான செய்தி வாசிப்பவர் நிற்பார். நேராக வந்த அலை ஒன்று; மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் தாமதமாக வந்த அதே அலை இன்னொன்று. ரேடியோ பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த இரட்டைப் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பால்ராஜ் கேட்டது தலைகீழான கேள்வி: இதை ஒழிப்பதற்குப் பதில் வேலை வாங்கினால் என்ன?

பொள்ளாச்சிச் சந்தைக் கணக்கு ஒன்றைப் போட்டால் இது விளங்கிவிடும். ஒரு தேங்காயும் ஒரு இளநீரும் சேர்த்து 70 ரூபாய் என்று ஒரு பில். தேங்காய் என்ன விலை? சொல்ல முடியாது. இன்னொரு பில் வருகிறது: இரண்டு தேங்காய், இரண்டு இளநீர், 140 ரூபாய். இதனாலும் பயன் இல்லை. முதல் பில்லையே இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது பில்லில் ஒரு தேங்காய், இரண்டு இளநீர், 110 ரூபாய் என்று இருந்தால்? இளநீர் 40, தேங்காய் 30 என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

ரேடியோவிலும் இதே கதைதான். ஒரே அலைவரிசையில் இரண்டு ஆன்டெனாக்கள் இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்புகின்றன. அவைதான் தேங்காயும் இளநீரும். வாங்கும் ஃபோனிலும் இரண்டு ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் கேட்பது இரண்டு செய்தியும் கலந்த கலவை. அவைதான் பில்கள். வெட்டவெளியில், தூரத்திலிருந்து அலை நேராக வந்தால் இரண்டு ஆன்டெனாவும் ஒரே கலவையைத்தான் கேட்கும். பிரிக்க வழியில்லை. ஆனால் நடுவே சுவர், மலை, மரம், லாரி என்று இருந்தால் ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு வழியில் மோதி வரும். இரண்டு ஆன்டெனாவுக்கும் வெவ்வேறு விகிதத்தில் கலவை போய்ச் சேரும். பில்கள் மாறிவிட்டன; கணக்கு விடை சொல்லிவிடும்.

விளைவு: அலைவரிசை அதேதான், போகும் தகவல் இரண்டு பங்கு. நான்கு ஆன்டெனாக்கள் இருந்தால் நான்கு பங்குவரை போகலாம். இதன் மதிப்பு என்ன? அலைவரிசை என்பது ரோடு மாதிரி. புதிதாகப் போட முடியாது. இருப்பதை ஏலம்தான் விடலாம். 2022ல் இந்திய அரசு நடத்திய 5ஜி ஏலத்தில் அலைவரிசைகள் 1,50,173 கோடி ரூபாய்க்குப் போயின. அப்படி வாங்கிய ரோட்டை அகலப்படுத்தாமலே இரண்டு மடங்கு வண்டி விட முடிந்தால்?

அன்றைக்கு யாரும் அவ்வளவு எளிதாக நம்பவில்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் குழப்பம்தான் என்பது மார்க்கோனி காலத்திலிருந்து வந்த பாடம். 1996ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜெரார்டு ஃபோஷினி தம் வழியில் கணக்கிட்டு, இப்படிக் கிடைக்கும் லாபம் எவ்வளவு பெரியது என்று காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. செய்து காட்டுவதற்காகவே பால்ராஜ் ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர் ஐயோஸ்பான். அதன் நுட்பத்தை 2003ல் இன்டெல் வாங்கியது. அடுத்து அவர் தொடங்குவதில் பங்குகொண்ட பீசீம் கம்பெனியை 2010ல் பிராட்காம் 31.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பொறியாளர்களில் பெரும்பகுதியினர் வேலை செய்தது பெங்களூரில்.

2009ல் வந்த வைஃபை தரத்தில் மைமோ ஏறியது. 4ஜியில் அடிப்படையாகவே அமர்ந்தது. 5ஜி டவர்களில் 64 ஆன்டெனாக்கள்வரை ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. பட்டங்கள் வரிசையாக வந்தன: 2010ல் பத்மபூஷண், 2011ல் ஐஇஇஇயின் கிரஹாம் பெல் பதக்கம், 2014ல் தகவல் தொடர்பு உலகின் பெரிய விருதான மார்க்கோனி பரிசு, 2018ல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் இடம். அவர் பெயர் சேர்ந்த அமெரிக்கக் காப்புரிமைகள் ஏறத்தாழ 80.

ஒரே மூளை, இரண்டு கரை

இங்கேதான் நெருடுகிறது. கொச்சியிலும் ஸ்டான்ஃபோர்டிலும் வேலை செய்தது ஒரே மூளை. தண்ணீரில் ஒலி, காற்றில் ரேடியோ என்பதைத் தவிர, பல வாங்கிகள் கேட்ட கலவையைப் பிரிக்கும் கணக்கு நெருங்கிய உறவு. ஆனால் முதல் கரையில் அது பாதுகாப்புத் துறையின் கோப்புக்குள் போனது. போர்க்கப்பலைக் காப்பாற்றியது, அதற்குமேல் வெளியே தெரியவில்லை. இரண்டாவது கரையில் ஒரு வருடத்துக்குள் காப்புரிமை விண்ணப்பமானது, பின்பு கம்பெனியானது, உலகத் தரமானது.

ரகசியம் காக்க வேண்டியதுதான். சோனார் விவரத்தைப் பத்திரிகையில் போட முடியாது. ஆனால் பாதுகாப்புக்காகப் பிறந்த நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் வழி இன்னொரு நாட்டில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மைமோவும் பிறந்தது ராணுவ ஆராய்ச்சியில்தான். அங்கே அந்த ஆராய்ச்சி நடந்தது பல்கலைக்கழகத்தில். பல்கலைக்கழகத்தில் காப்புரிமை எழுத ஓர் அலுவலகம் இருந்தது. எழுதியதை வாங்க முதலீட்டாளர்கள் இருந்தார்கள். இங்கே மூளை இருந்தது. அந்த மூன்று படிக்கட்டுகள் இல்லை.

விலை என்ன என்பது 2013ல் தெரிந்தது. இந்தியச் சந்தையில் கொடிகட்டிப் பறந்த மைக்ரோமாக்ஸ் மீது, தங்கள் காப்புரிமைகளுக்குக் காசு தரவில்லை என்று ஸ்வீடனின் எரிக்ஸன் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இடைக்கால ஏற்பாடாக, ஃபோன் விலையில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டும்படி உத்தரவு வந்தது. ஃபோனை இந்தியாவில் விற்கலாம், இந்தியாவில் பூட்டலாம். ஆனால் உள்ளே ஓடும் கணக்கு யாருடையதோ அவருக்குக் கப்பம் கட்டியாக வேண்டும்.

நம்மால் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே கஞ்சிக்கோட்டில் 1970களிலேயே ஐடிஐயின் தொலைபேசித் தொழிற்சாலை வந்துவிட்டது. 1984ல் தொடங்கிய சி-டாட், ஏசி இல்லாமல் தூசியிலும் வெயிலிலும் ஓடக்கூடிய 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குக் குளிர்சாதன அறை கேட்ட காலம் அது. நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்த பொறியியல், நம் கடல் சூட்டைக் கணக்கில் எடுத்த அப்சோவைப் போன்றதுதான். அந்தத் தலைமுறை எக்ஸ்சேஞ்சோடு நின்றது. செல்போன் அலை வந்தபோது தரங்கள் வெளியே எழுதப்பட்டன.

மெதுவாக மாற்றம் தெரிகிறது. 5ஜிக்கு இந்தியா எப்படித் தயாராக வேண்டும் என்று ஆராய 2017ல் அமைந்த உயர்மட்ட மன்றத்தின் வழிகாட்டுக் குழுவுக்கு அரசு அழைத்த தலைவர் பால்ராஜ்தான். 2018 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. 2025 செப்டம்பரில், டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டு 4ஜி கருவிகளோடு பிஎஸ்என்எல் தன் சேவையைத் தொடங்கிவைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டுகள். 1992ல் விண்ணப்பித்த அந்த முதல் காப்புரிமையின் காலம் 2012ல் முடிந்தது. கோபாலபுரத்துத் தோப்புக்காரர் கையில் மலிவு 4ஜி வந்து சேர்ந்தது 2016க்குப் பிறகுதான். மூலக் கணக்கு பொதுச்சொத்தான பின்பே அது ஊர் திரும்பியிருக்கிறது. ஆனால் அதன் மேல் அடுக்கடுக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான புதிய காப்புரிமைகளுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

அலை ஏறாத மலை

பொள்ளாச்சியிலிருந்து இன்னொரு ரோடு தெற்கே போகிறது. உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. இடுக்கி மாவட்டத்தின் எல்லைப் பகுதி. தேவிகுளம் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மைமோவுக்கு எதிரொலி வேண்டும் என்றால், மலைக்கு மேல் மலையாக நிற்கும் இந்த நாட்டைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எதிரொலி வர, முதலில் யாராவது குரல் கொடுக்க வேண்டும். டவர் இல்லாத இடத்தில் எந்தக் காப்புரிமையும் வேலை செய்யாது.

2020ல் கோவிட் காலத்தில் பள்ளிகள் ஆன்லைனுக்குப் போனபோது, ராஜமலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி வந்து ரோட்டோரத்தில் குடைபிடித்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பலரும் பரிதாபப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயன் வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு மண்ணுக்குள் போயின. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. நடந்தது வெளியுலகத்துக்குத் தெரிந்தது மறுநாள் காலையில். மொத்தம் 70 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். முன்கூட்டியே தகவல் போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரவில் இழந்த மணி நேரங்கள் திரும்பி வராது.

அதே மூணாறில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. அந்தோணியார் காலனிச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 வாக்கில் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்தது. மண்ணில் ஊறும் நீரின் அழுத்தம், சரிவின் நுண்ணிய அசைவு, அதிர்வு ஆகியவற்றை அவை அளக்கின்றன. கம்பியில்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கடைசியில் கொல்லம் அருகே உள்ள வளாகத்துக்குத் தகவல் போகிறது. 2009 ஜூலை மழையிலேயே அது எச்சரிக்கை கொடுத்தது. மழை இரைச்சலுக்கு நடுவே மலையின் முனகலைப் பிரித்துக் கேட்பது, அலை இரைச்சலுக்கு நடுவே நீர்மூழ்கியைக் கேட்பதற்கு ஒன்றும் குறைந்த வேலை அல்ல. ஒரு சரிவுக்குக் காது வைத்தோம். பெட்டிமுடிக்கு வைக்கவில்லை.

இதைப் பால்ராஜின் தலையில் கட்ட முடியாது. கண்டுபிடிப்பவர் கணக்கைத் தருகிறார். டவரை எங்கே நடுவது என்று முடிவு செய்வது லாப நஷ்டக் கணக்கு. நூறு குடும்பம் உள்ள மலைச்சரிவு அந்தக் கணக்கில் எப்போதும் கடைசியில்தான் வரும். அதை முன்னே கொண்டுவர அரசால்தான் முடியும். குக்ரியில் போன 194 உயிர்களுக்காகப் போர்க்கப்பல்களுக்குக் காது பொருத்த வேண்டும் என்று அரசு தீர்மானித்தது. லாபம் பார்க்கவில்லை. ஓர் இளம் அதிகாரியை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சோனார் வந்தது. உலகத் தரமான ஒரு விஞ்ஞானியும் வந்தார்.

கஞ்சிக்கோட்டில் இன்று ஐடிஐ தொழிற்சாலைக்கு அண்டையில் பாலக்காடு ஐஐடி இருக்கிறது. 2015ல் தொடங்கியது. எல்லாப் பொறியியல் கல்லூரிகளையும் போல அங்கேயும் மைமோ பாடம்தான். பால்ராஜும் அவருடைய மாணவர்களும் எழுதிய பாடநூலும் கடையில் கிடைக்கிறது. வளாகத்திலிருந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அந்த மலைக்கு மைமோ கணக்கு இன்றைக்கு இலவசம். அடுத்த கணக்கை யார் எழுதுவார், எந்த ஊர் அலுவலகத்தில் பதிவு செய்வார் என்பது மட்டும்தான் பாக்கி.